துணிக்கடை கவுன்ட்டரிலிருந்து கணக்கு மேசைக்கு: கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் 2010 முதல் 2019 வரை ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருஷம் சேலைப் பிரிவு, கடைசி மூன்று வருஷம் பில்லிங். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். 2019 ஜூனில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு நின்ற பெண்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், புதுச்சேரி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்று நிறையப் பேர் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போவதற்குப் பதிலாக, இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

அக்கா, கடையில் நின்ற அனுபவம் ஆபீஸில் ஒன்றுக்கும் உதவாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இதைத்தான் முதலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடையில் கற்றதைத் துடைத்துப் போட்டுவிட்டு புதிதாகத் தொடங்கவேண்டும் என்று நினைத்துத்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 2018 ஆடித் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். என் கவுன்ட்டரில் ரொக்கம் 340 ரூபாய் குறைகிறது. நோட்டுக் கட்டுகளை இரண்டு தடவை எண்ணினேன். கார்டு மெஷின் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் பில்களை ஒவ்வொன்றாக எடுத்து சிஸ்டத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு அம்மா 1,190 ரூபாய்ச் சுடிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 850 ரூபாய்க்கு ஒன்று எடுத்திருந்தார். மீதிப் பணத்தைக் கொடுத்துவிடு என்று சூப்பர்வைசர் சொன்னதால் கையில் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் சிஸ்டத்தில் ஏற்றாமல் விட்டுப்போயிருந்தது. வித்தியாசம் சரியாக 340.

ஒரு வருஷம் கழித்து ஆடிட்டர் ஆபீஸில் முதல்முறையாக வங்கி ஒத்துப்பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கம்பெனியின் புத்தகத்தில் ஒரு இருப்பு, வங்கி ஸ்டேட்மென்டில் வேறு இருப்பு. எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகாமல் இருக்கலாம், வங்கி பிடித்த கட்டணம் புத்தகத்தில் ஏறாமல் இருக்கலாம். பெயர்தான் புதுசு. முந்நூற்று நாற்பது ரூபாயைத் தேடிய அதே தேடல்தான் இது. கல்லூரியில் படித்துவிட்டு நேராக வந்த பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் ஒரு எண். உங்களுக்கு அது யாரோ ஒருத்தர் கையில் போன பணம். அந்தப் பார்வை எந்த கோர்ஸிலும் கிடைக்காது.

சரி, ஆபீஸ் வேலை என்றால் எந்த வேலை?

நான் கணக்கைச் சொல்வேன், ஏனென்றால் அந்த வழியில் நடந்தவள். பெரியது, சின்னது என்றில்லாமல் எல்லா வியாபாரத்துக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள் தவறாமல் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அதனால் கடலூர் மாதிரி ஊரிலும் வேலை இருக்கிறது, சென்னைக்குப் போகத் தேவையில்லை.

என்னோடு இருந்த ஒருத்தி ஆஸ்பத்திரி பில்லிங்குக்குப் போனாள். இன்னொருத்தி ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல், பிஎஃப், இஎஸ்ஐ பார்க்கிறாள். ஆள்களோடு பேசிப் பழகியவர்களுக்குச் சம்பளப் பிரிவு நன்றாகவே பொருந்துகிறது. கொள்முதல் பிரிவும் அப்படித்தான். சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் 2,000 ரூபாய் டெபாசிட் கட்டுங்கள் என்று வாட்ஸாப்பில் வருவதைத் தொடவே தொடாதீர்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். எனக்குத் தெரிந்த மூன்று பேர் இப்படி இழந்திருக்கிறார்கள்.

பிளஸ் டூவில் வரலாறு எடுத்தவள் நான். பி.காம். இல்லாமல் நுழைய முடியுமா?

நுழையலாம். நானும் வரலாறுதான். சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களிலும் ஏஜென்சிகளிலும் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் தெரிகிறதா, பொறுமை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு கதவு முன்னால் நிற்பீர்கள். அங்கே பட்டம் கேட்பார்கள். அதனால் வேலையில் இருந்துகொண்டே பி.காம். எழுதத் தொடங்கிவிடுங்கள்.

தொலைநிலைக் கல்வியில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும், நீங்கள் சேரும் அந்த வருஷத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, தொலைநிலை முறையில் நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதால் எல்லாப் படிப்பும் எல்லா வருஷமும் செல்லும் என்றில்லை. படிப்பு மையத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். பத்தாவதோடு கடைக்கு வந்தவர்கள் முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ முடியுங்கள்.

டேலி கோர்ஸ் மூன்று மாதம் போனால் போதுமா?

சாவிகளைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் தாராளம். எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். பில்லிங் மெஷினில் ஓடிய விரல்களுக்கு இது ஒரு வாரம்.

நான் தடுக்கி நின்ற இடம் வேறு. பற்று, வரவு என்ற இரண்டு சொற்கள். நம் வீட்டில் வரவு என்றால் வருமானம், உள்ளே வருகிற பணம். கணக்குப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறது. வந்த பணத்தை ஏன் பற்று என்கிறார்கள் என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தது. பாஸ்புக்கைப் பார்த்தால் இன்னும் குழப்பம், அங்கே நாம் கட்டிய பணம் வரவு பக்கத்தில் இருக்கிறது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருநாள் என் பாஸ்புக்கை வாங்கி மேசையில் வைத்துக் கேட்டார்: "இது யாரோட புத்தகம்?" என்னுடையது என்றேன். "இல்லம்மா, இது வங்கி தன்னோட கணக்கில் உனக்காக எழுதி வச்சிருக்கிற பக்கம். நீ கட்டின பணத்தை அவங்க உனக்குத் திருப்பித் தரணும். நீ கொடுத்தவ, அதனால அவங்க புத்தகத்தில் உனக்கு வரவு. உன் புத்தகத்தில் வங்கி வாங்கினவன், அதனால் வங்கிக்குப் பற்று." அன்றைக்கு விளங்கியது. வாங்குபவர் பற்று, கொடுப்பவர் வரவு. உள்ளே வரும் பொருள் பற்று, வெளியே போகும் பொருள் வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. இந்த மூன்று வரிகளை உங்கள் கடையின் ஒரு நாள் வியாபாரத்தில் போட்டுப் பாருங்கள். காலையில் லோடு இறங்கியது, டீக்குக் கொடுத்தது, பார்ட்டிக்குக் கடனில் கொடுத்தது என்று இருபது நடவடிக்கைகளைக் காகிதத்தில் எழுதிப் பழகியவருக்கு டேலி தானாக வரும். காகிதத்தில் எழுதாமல் நேரே கணினிக்குப் போனவர்கள் ஆறு மாதம் கழித்தும் எந்தப் பக்கம் என்று பக்கத்து மேசையைக் கேட்கிறார்கள்.

அதற்கு மேல் எக்செல். சும்மா கட்டம் போடத் தெரிந்தால் போதாது. ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் வீலுக்கப், நிபந்தனைப்படி கூட்டும் சம்இஃப், பெரிய பட்டியலைச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள், இந்த மூன்றும் வேண்டும். ஆபீஸில் பாதி நாள் இரண்டு பட்டியல்களை ஒத்துப் பார்ப்பதிலேயே போகும்.

ஜிஎஸ்டி என்றாலே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கடை பில்லிலிருந்து. 2017 ஜூலை 1-ந் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நான் பில்லிங்கில் இருந்தேன். அந்த வாரம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணும் வரி வீதமும் ஏற்றினாள். என் வயதுதான் இருக்கும். இந்த வேலையை நானும் செய்யலாமே என்று முதல்முறையாக நினைத்தது அன்றைக்குத்தான்.

2025 செப்டம்பர் 22-ல் வீதம் மாறியபோது ரெடிமேட் பிரிவில் நின்றவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். அதுவரை ஒரு பீஸ் ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. ஸ்டிக்கர் மாற்றியது நீங்கள்தான். அதே மாற்றம் ஆபீஸில் லெட்ஜரிலும் ரிட்டர்னிலும் எப்படி ஏறுகிறது என்பதைத்தான் இனி கற்கப்போகிறீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கடலூர், புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. புதுச்சேரி மொத்த வியாபாரி ஒருவர் வில்லியனூர்க் கடைக்கு ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு அனுப்புகிறார், வரி 5 சதவீதம் என்று வையுங்கள். பில்லில் மத்திய ஜிஎஸ்டி 2,500, மாநில ஜிஎஸ்டி 2,500 என்று இரண்டாக வரும். புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் யூனியன் பிரதேசமாக இருந்தாலும் மாநில ஜிஎஸ்டிதான். அதே சரக்கு கடலூர்க் கடைக்குப் போனால், மாநிலங்களுக்கு இடையிலான ஐஜிஎஸ்டி 5,000 என்று ஒரே வரி. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் மாநிலம் விட்டு மாநிலம். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுவதால், சரக்கை எடுத்துச் செல்ல ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும்.

இப்போது அதே வியாபாரி காரைக்காலுக்கு அனுப்புகிறார். லாரி கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே பெரும்பாலான தூரம் ஓடிப் போகிறது. ஆனால் காரைக்காலும் 34 தான், ஆகவே ஐஜிஎஸ்டி கிடையாது, மத்தியும் மாநிலமும்தான். லாரி எந்த வழியாகப் போகிறது என்பதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. எங்கிருந்து எங்கே என்பதுதான் கணக்கு. இந்த உதாரணத்தை நேர்முகத்தில் சொல்லத் தெரிந்தால், ஆடிட்டர் நிமிர்ந்து பார்ப்பார். இதில் தவறினால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு, சரியான கணக்கில் மறுபடி கட்டவேண்டியிருக்கும். நம் பகுதியில் இந்தத் தவறை நிறையப் பார்க்கிறேன்.

தேதிகளும் மனதில் இருக்கட்டும். மாதம் தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள், வரி கட்டும் சுருக்கக் கணக்கான 3பி 20-ந் தேதிக்குள். நடுவில் 14-ந் தேதி 2பி வரும். சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. நம்மிடம் இருக்கும் கொள்முதல் பில்லோடு அதை ஒத்துப் பார்ப்பதுதான் உதவியாளரின் முதல் வேலையாக இருக்கும்.

எனக்கு ஆங்கிலம் வராது. ஆபீஸில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவார்களா?

கடலூரில் எந்தக் கணக்கு ஆபீஸிலும் பேச்சு தமிழ்தான். பார்ட்டிகளும் நம் ஊர் வியாபாரிகள்தான். பேசத் தெரியாதது தடையே இல்லை. படிக்கவும் நாலு வரி மெயில் எழுதவும் வேண்டும். பில் அனுப்புவது, பாக்கியை நினைவூட்டுவது, விவரம் கேட்பது, கிடைத்தது என்று சொல்வது, இவ்வளவுதான் மெயில். நான் ஆபீஸில் பழைய மெயில்களைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பெயரையும் தொகையையும் மாற்றி மாற்றி எழுதியதில் ஒரு வருஷத்தில் நோட்டு தேவைப்படாமல் போயிற்று.

சம்பளம் குறையுமா?

குறையும். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கடையை விடும்போது எனக்கு 13,500 ரூபாய், சீசனில் இன்சென்டிவ் தனி. ஆடிட்டர் ஆபீஸில் 9,000-ல் சேர்ந்தேன். தீபாவளிக்குக் கடையில் கிடைக்கும் துணியும் போனஸும் அந்த வருஷம் இல்லை. என் அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சுருங்கியது. ஒரு வருஷத்தில் 11,000. மூன்றாவது வருஷம் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது 18,000. கடையிலேயே இருந்திருந்தால் அந்த வருஷம் 15,000 தாண்டியிருக்காது.

அந்த முதல் வருஷப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்று முன்பே யோசிக்க வேண்டும். நான் இரண்டு வழி செய்தேன். கடையில் இருந்த கடைசி 14 மாதம் இன்சென்டிவ் பணத்தைத் தொடாமல் தபால் ஆபீஸில் போட்டேன். இரண்டாவது, புதுச்சேரிக்குப் பதில் கடலூரிலேயே வேலை தேடினேன். பஸ் செலவு போயிற்று, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் மிச்சமாயிற்று. நகைக் கடனோ சீட்டோ ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் மாதம் பார்த்து மாறுங்கள். வைராக்கியத்தில் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களில் பலர் மூன்று மாதத்தில் மறுபடி கவுன்ட்டருக்குப் போனார்கள். திறமை குறைவால் இல்லை, வாடகை கட்ட முடியாமல்.

காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்கிறோம். எப்போது படிப்பது?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, நான் செய்ததைச் சொல்கிறேன். காலை ஏழிலிருந்து எட்டு வரை திருப்பாப்புலியூரில் டேலி வகுப்பு. எட்டே காலுக்கு புதுச்சேரி பஸ். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் வரும்வரை நோட்டு மடியில் இருக்கும். இரவு திரும்பும்போது படிக்க முடியாது, தூங்கிவிடுவேன். வார விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் எக்செல். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதமும் படிப்பையே நிறுத்திவிட்டேன். அந்த இடைவெளியைக் குற்றமாக நினைக்காததால்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

34 வயது, இரண்டு குழந்தைகள். இனிமேல் எடுப்பார்களா?

எடுப்பார்கள். சின்ன ஆபீஸ்களில் கல்யாணமானவர்களை விரும்பி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்ற எண்ணம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது கடைக்காரர்களின் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். என் அக்கா மகள் ஏழு வயசு வரை என்னை ஞாயிற்றுக்கிழமை பார்த்ததே இல்லை.

வேலை எங்கே தேடுவது?

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர்ப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்களும் வரி ஆலோசகர் ஆபீஸ்களும் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை, தெரிந்தவர் மூலம்தான். உங்கள் கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரின் ஆட்கள் மாதம் ஒருமுறையாவது வருவார்கள். அவர்களிடம் பேசுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. லைன் விற்பனைக்கு வரும் ஏஜென்சிக்காரர்களும் உங்களுக்குப் பழக்கம்தானே, அவர்கள் ஆபீஸில் பில் போட ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். கடலூர் சிப்காட், புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஓரளவு அனுபவம் வந்தபின் முயலலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போய் வாருங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் நேர்முகத்தில் உட்கார்ந்து பழகும் இடம் அது.

ஜூலையிலும் செப்டம்பரிலும் ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போகாதீர்கள். வருமான வரிக் கணக்கு, தணிக்கை அறிக்கை என்று அவர்களுக்கு அது தீபாவளிக் கூட்டம். ஏப்ரல், மே சரியான காலம்.

பயோடேட்டாவில் என்ன எழுதுவது? சேல்ஸ் கேர்ள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட எதுவுமில்லை. ஆனால் பதவிப் பெயரோடு நிறுத்தாமல் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். என் முதல் பயோடேட்டாவில் "துணிக்கடையில் 9 ஆண்டு அனுபவம்" என்று ஒரே வரிதான் இருந்தது. இரண்டு இடத்தில் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆடிட்டர் ஆபீஸ் பெண்தான் உட்காரவைத்து மாற்றி எழுதச் சொன்னாள். தினம் சுமார் 150 பில்கள் போட்டது. ரொக்கம், கார்டு மூன்று வருஷம் தினமும் இரவில் சரிபார்த்து ஒப்படைத்தது. மார்ச் இறுதி இருப்புக் கணக்கெடுப்பில் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டது. டேமேஜ் பீஸ்களைப் பிரித்து சப்ளையருக்குத் திருப்பி அனுப்பக் குறிப்பு எழுதியது. புதிதாக வந்த பெண்களுக்குப் பில்லிங் கற்றுக் கொடுத்தது. எல்லாமே நான் செய்தவைதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. மூன்றாவது இடத்தில் கூப்பிட்டார்கள்.

"கடையை ஏன் விடுகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். முதலாளியைக் குறை சொல்லாதீர்கள். கணக்கு வேலை பிடித்திருக்கிறது, அதில் மேலே போக வேண்டும் என்று சொன்னால் போதும்.

அரசுத் தேர்வு எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் குரூப் 4 பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதலாம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தட்டச்சர் பதவிக்கு அரசு தட்டச்சுத் தேர்வு தேர்ச்சி வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்ற மேல்நிலைத் தட்டச்சு முடித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். புதுச்சேரி அரசு தன் வேலைகளுக்குத் தனியாகத் தேர்வு நடத்துகிறது.

நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. உட்காரும் வேலைக்குப் போனால் சரியாகுமா?

நிற்பதால் வரும் வலி குறையும். நரம்புச் சுருட்டலை டாக்டரிடம் காட்டுங்கள், வேலை மாறினாலே போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். உட்காரும் வேலைக்கும் அதன் வலி உண்டு, எனக்கு முதல் வருஷமே கழுத்து பிடித்துக்கொண்டது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். இன்னும் கடையில் இருப்பவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்தார்கள். ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதல்ல.

முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும்?

கஷ்டம். கடையில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இங்கே 22 வயசுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது. அமைதியும் பழகவில்லை. நாள் முழுக்க யாராவது "இந்தக் கலர்ல வேற இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்த காதுக்கு, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் அறை ஒரு மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு துணிக்கடையின் கொள்முதல் பில்களை ஒரு கட்டைப் பையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏற்றிக்கொண்டே வந்தபோது ஒரு பில்லின் பின்பக்கம் பென்சிலில் "6 டே" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், அது ஆறு பீஸ் டேமேஜ் என்று சரக்கு இறக்கும் பையன் எழுதும் குறிப்பு. நாற்பது பீஸுக்குப் பில், ஆறு திரும்பிப் போயிருக்கும். அந்தத் தொகையைக் குறைத்து சப்ளையர் கிரெடிட் நோட் கொடுத்திருக்க வேண்டும், கொள்முதலில் கட்டியதாகக் கடை கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம். அது மாதிரி அந்த வருஷத்தில் பதினொரு பில்கள் இருந்தன. ஆடிட்டர் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து துணிக்கடைக் கணக்குகள் எல்லாம் என் மேசைக்கு வரத் தொடங்கின.

கடையை விடும்போது எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்?

எழுத்தில் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். அனுபவச் சான்றிதழ், விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வாங்குங்கள். ஆடி, தீபாவளி நேரத்தில் விடாதீர்கள், அவ்வளவு நாள் கூட நின்றவர்களைத் தவிக்கவிட்ட மாதிரி ஆகும். சான்றிதழும் இழுத்தடிக்கப்படும்.

பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணில் ஆதாரும் வங்கிக் கணக்கும் சேர்ந்திருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே சரிபாருங்கள். விட்டபிறகு திருத்த முதலாளியின் பின்னால் அலைய வேண்டியிருக்கலாம். பணத்தை எடுக்காமல் புதிய வேலைக்கு மாற்றுங்கள். பத்து வருஷச் சேவை சேர்ந்தால்தான் பென்ஷனுக்குத் தகுதி. நான் ஒன்பது வருஷத்தில் விட்டவள், மாற்றியதால்தான் பத்து கடந்தது.

பணிக்கொடையைப் பலர் கேட்பதே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்திருந்தால், நீங்களாகவே விட்டாலும் அது உங்கள் பணம். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை வருஷத்தால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400 என்றால் ஒரு வருஷத்துக்கு 6,000, ஒன்பது வருஷத்துக்கு 54,000 ரூபாய். எனக்கு முதலில் "அப்படியெல்லாம் வழக்கமில்லை" என்றார்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கோரிக்கைக் கடிதத்தோடு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் செக் வந்தது. சம்பளம் குறைந்த அந்த முதல் வருஷத்தில் வீட்டு வாடகையும் பி.காம். கட்டணமும் அதிலிருந்துதான் போயின.